டாக்டர் பானூமும் பதினான்கு நாள் கணக்கும்

வைத்திய சாஸ்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஹகீம் அபூபக்கர் ராஸி அவர்களின் பெயரை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்வது வழக்கம். ரை நகரில் பிறந்து, பாக்தாதில் மருத்துவமனைத் தலைவராக விளங்கி, கி.பி. 925-ல் காலமான அப்பெரியார், பெரியம்மை வேறு, மணல்வாரி வேறு என்று அடையாளங்களைப் பிரித்துக் காட்டித் தனி நூலே எழுதி வைத்தார்கள். மணல்வாரியை ஊரில் தட்டம்மை என்றும் சொல்வார்கள். இவ்விடத்து மலாய்க்காரர்கள் சம்பாக் என்பார்கள். ராஸி அவர்கள் அந்நோயின் முகத்தை நமக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் அது எந்த வழியாக வருகிறது, வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பது அவர்கள் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. உடலில் இரத்தம் கொதித்துப் பொங்குவதால் வருவது என்றே எண்ணியிருந்தார்கள்.

அந்த வழியை நாள் கணக்கோடு கண்டுபிடித்தவர், ராஸி அவர்களுக்கு 900 ஆண்டுகளுக்குப் பிற்பாடு வந்த ஒரு டென்மார்க் தேசத்து வாலிபர். அவர் பெயர் பீட்டர் லுத்விக் பானூம். வைத்தியர்கள் மத்தியில் பெயர் பெற்றவர் என்றாலும், நம் கடைத்தெருவில் அவரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவாகவே இருப்பார்கள். நாமும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை கேள்விப்பட்டதில்லை. எப்படிக் கேள்விப்பட்டோம் என்பதை முதலில் சொல்லிவிட்டால், அவர் வரலாற்றை ஏன் எழுதுகிறோம் என்பது விளங்கும்.

அப்போது நம் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து தம்பி மகன் வந்தார். கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பிரயாணக் களைப்பு என்று எல்லோரும் சொன்னோம். வந்ததும் வராததுமாகப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினார். நாமும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அவருக்கு முகத்திலும் மார்பிலும் சிவப்பாகத் தடித்தது. சிறு வயதில் அவருக்கு ஊசி போட்டதா இல்லையா என்று யாருக்கும் ஞாபகமில்லை. அவரை மாடி அறையில் படுக்க வைத்தோம். பிள்ளையைப் பற்றி நினைக்கவே இல்லை.

பிள்ளைக்குச் சுரம் கண்டது பிறகு. அதற்குப் பின் உடம்பெல்லாம் சிவந்தது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்து வந்தது. அங்கிருந்த டாக்டர், வெளியூரிலிருந்து யாராவது வந்தார்களா, எந்தத் தேதியில் என்று கேட்டார். தேதி நினைவில்லை. ஆனால் தம்பி மகன் கொண்டுவந்த கருப்பட்டியை வந்த அன்றே கடைப் பேரேட்டில் வரவு எழுதியிருந்தோம். வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேரேட்டைப் பார்க்கச் சொன்னோம். அந்தத் தேதியிலிருந்து பிள்ளைக்கு உடம்பு சிவந்த நாள் வரை எண்ணினால் சரியாகப் பதினான்கு. டாக்டர் வியப்படையவில்லை. 1846-ம் ஆண்டிலேயே ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துவிட்டார் என்று சொல்லி, பானூம் என்ற பெயரையும் சொன்னார். பேரேடு பார்த்து நோய் கண்ட மனிதரா என்று நமக்கு ஆவல் உண்டாயிற்று. அன்று முதல் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

பானூம் 1820-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி, டென்மார்க்கைச் சேர்ந்த போர்ன்ஹோல்ம் தீவில் ரொன்னே என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். கீல் நகரிலும் பிறகு கோப்பன்ஹேகனிலும் வைத்தியம் படித்து, 1845-ல் தேர்வு பெற்றார். மறு ஆண்டே, இருபத்தைந்து வயதில், அரசாங்கம் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. வட அட்லாண்டிக் கடலில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, பாரோ தீவுகள் என்று பதினெட்டுத் தீவுகள் இருக்கின்றன. அங்கே மணல்வாரி பரவி ஜனங்கள் கிராமம் கிராமமாகப் படுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மனிக்கஸ் என்ற இன்னொரு வைத்தியரோடு பானூமையும் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

வியாபாரிகளான நாம் அந்தத் தீவுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அக்காலத்தில் அங்கே யாரும் இஷ்டம்போல் கடை வைக்க முடியாது. வியாபாரம் முழுவதும் டென்மார்க் அரசரின் ஏகபோகம். 1856-ல்தான் அது நீங்கியது. ஜனங்கள் ஆட்டு ரோமத்தில் காலுறையும் சட்டையும் பின்னிக் கொண்டுபோய் அரசாங்கக் கிடங்கில் போட்டு, தானியம் வாங்கி வருவார்கள். வெளிக் கப்பல்கள் வருவது அபூர்வம். ஆகவே நோய்களும் அபூர்வம். அங்கே மணல்வாரி கடைசியாக வந்தது 1781-ல். அதற்குப் பிறகு அறுபத்தைந்து ஆண்டுகள் எட்டிப் பார்க்கவே இல்லை. அறுபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் உள்ளூரை விட்டு நகராத எவருக்கும் அந்நோய் வந்ததில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே வரும் விஷயம் முழுவதும் இதைப் பற்றியே நிற்கிறது.

1846 மார்ச் 20-ந் தேதி ஒரு தச்சர் கோப்பன்ஹேகனை விட்டுக் கப்பலேறினார். புறப்படும் முன் அங்கே மணல்வாரி கண்டிருந்த சிலரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். 28-ந் தேதி தீவுகளின் தலைநகரான தோர்ஷாவ்னில் இறங்கியபோது சுகமாகவே இருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் படுத்தார். அடுத்து அவருடைய நெருங்கிய சிநேகிதர்கள் இருவர். அங்கிருந்து நோய் படகுகளில் ஏறித் தீவுக்குத் தீவு போயிற்று. சில மாதங்களுக்குள் மொத்தம் 7,782 ஜனங்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நோயாளிகள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

பானூம் வந்து இறங்கியபோது அவர் கையில் மருந்து என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மணல்வாரிக்கு இன்றைக்கும் அதை நேரே அடிக்கும் மருந்து கிடையாது. ஆகவே அவர் வேறொரு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு கிராமமாகப் படகிலும் மலைப்பாதையிலும் போய், முதலில் யாருக்கு வந்தது, அவர் அதற்கு முன் எங்கே போனார், யார் வீட்டுக்கு வந்தார், எந்த நாள் என்று விசாரித்து எழுதினார். கோப்பன்ஹேகன் போன்ற பெரிய பட்டினத்தில் இப்படி விசாரிக்க முடியாது. அங்கே ஒரு நாளைக்கு நூறு பேரை உரசிக்கொண்டு போகிறோம், யாரிடம் வாங்கினோம் என்று எப்படிச் சொல்வது? பாரோ கிராமத்தில் ஒரு படகு வந்தால் அது ஒரு விசேஷம். எந்த நாள், யார் யார் வந்தார்கள் என்று கிழவிகள்கூட ஞாபகமாகச் சொன்னார்கள். நம் ஊரில் கப்பலுக்குப் போனவர் திரும்பி வந்த நாளை வீட்டுப் பெண்கள் மறக்காமல் சொல்வார்களே, அதைப் போல.

அவர் எழுதி வைத்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஜூன் 4-ந் தேதி வெஸ்ட்மன்னா என்ற இடத்தில் திமிங்கிலக் கூட்டம் ஒன்றைக் கரைக்கு விரட்டிப் பிடித்தார்கள். அதில் கலந்துகொள்ள சோர்னுவீக் என்ற சிற்றூரிலிருந்து பத்துப் பேர் ஒரு படகில் போனார்கள். வேலை முடிந்து ஊர் திரும்பினார்கள். ஜூன் 18-ந் தேதி பத்துப் பேருக்கும் உடம்பு சிவந்தது. பத்துப் பேருக்கும் ஒரே நாள்! பிறகு ஏறக்குறைய அதே அளவு நாள் கழித்து ஊரில் மீதமிருந்தவர்களுக்கு வந்தது. போன இடமெல்லாம் பானூமுக்கு இதே கணக்குக் கிடைத்தது. தொற்றிய நாளிலிருந்து உடம்பு சிவக்கும் நாள் வரை பதின்மூன்று, பதினான்கு. தோர்ஷாவ்னுக்கு வந்த தச்சரின் தேதிகளையும் வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கு ஒரு பெரிய வாதத்தையே முடித்து வைத்தது. கெட்ட காற்றிலிருந்தும் சதுப்பு நிலத்திலிருந்தும் நோய்கள் தாமாகக் கிளம்புகின்றன என்று அன்றைய வைத்தியர்களில் பலர் நம்பினார்கள். பானூம் போட்ட கணக்கில் காற்றுக்கும் நிலத்துக்கும் இடமில்லை. நோய் மனிதனிடமிருந்து மனிதனுக்குத்தான் போகிறது. படகு போகாத ஊருக்கு நோயும் போகவில்லை. சில கிராமத்தார் வெளியாரை அண்டவிடாமல் தங்களை விலக்கி வைத்துக்கொண்டார்கள். நோய் தொடாமல் தப்பியவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தாம். விலக்கி வைப்பதே மணல்வாரிக்கு வழி என்று பானூம் எழுதினார்.

இன்னொன்றும் கண்டார். 1781-ல் சிறு பிள்ளையாக மணல்வாரி கண்டு பிழைத்து, 1846-லும் உயிரோடிருந்த முதியவர்கள் 98 பேரைத் தாமே நேரில் பார்த்தார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய நோய், ஆனாலும் அவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. அதே வயதில், 1781-ல் தப்பிவிட்ட வேறு முதியவர்களை நோய் விடவில்லை. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுவதும் காவல் என்பது அன்று உறுதியாயிற்று.

அவருடைய மரணக் கணக்கில் நம் மனத்தைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஒரு வயது கடந்த பிள்ளைகளும் வாலிபர்களும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள். வயது முதிர்ந்தவர்கள் பலர் இறந்தார்கள். ஒரு வயது நிரம்பாத சிசுக்களுக்குச் சேதம் அதிகம். பிற்காலத்து அறிஞர்கள் இதை மறுபடி ஆராய்ந்து சொல்லும் காரணத்தை வாசகத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். மணல்வாரி கண்டு தேறிய தாயின் இரத்தத்தில் அந்நோயை எதிர்க்கும் சக்தி இருக்கும். பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே அதில் ஒரு பங்கு தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. பிறந்து சில மாதங்கள் அது காவல் நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். பாரோ தீவில் பிள்ளை பெறும் வயதிலிருந்த தாய்மார்கள் எல்லாம் 1781-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களிடமே இல்லாத சக்தியைப் பிள்ளைக்கு எங்கிருந்து கொடுப்பார்கள்? தாயும் சிசுவும் ஒரே நாளில் வெறுங்கையோடு நோயின் முன் நின்றார்கள்.

பானூமின் அறிக்கை 1847-ல் வெளிவந்தது. நாட்டின் குளிர், வீடு, உணவு, உடை எல்லாவற்றையும் அதில் விவரித்திருக்கிறார். ஒன்றில் மட்டும் அவர் கணக்குக் கொஞ்சம் பிசகியது. உடம்பு சிவக்கும் வேளையில்தான் நோய் அதிகம் தொற்றுகிறது என்று அவர் கருதினார். சிவப்பதற்கு நான்கு நாள் முன்பிருந்தே, வெறும் சளியும் கண் சிவப்புமாக இருக்கும்போதே தொற்றும் என்பது பிற்பாடு தெரிந்தது. சிவந்த பிறகும் நான்கு நாள் தொற்றும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில்கூட இரண்டு மணி நேரம் வரை நோய்க் கிருமி தங்கியிருக்கும். நம் தம்பி மகன் பிள்ளையைத் தூக்கியது இந்த நான்கு நாட்களுக்குள்தான்.

இந்தக் கணக்கைக் கவனியாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்குப் பானூம் வாழ்ந்த காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1875-ல் பிஜித் தீவின் அரசர் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போய்விட்டு ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஊர் திரும்பினார். பிரயாணத்தில் மணல்வாரி கூட வந்தது. கப்பலை ஒதுக்கி நிறுத்தவில்லை. அவரைப் பார்க்கக் கூடிய தலைவர்கள் அதைத் தத்தம் ஊர்களுக்கு எடுத்துப் போனார்கள். சுமார் நாற்பதாயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பானூம் பிறகு மணல்வாரியோடு நின்றுவிடவில்லை. பாரிஸ் போய் கிளாட் பெர்னார் என்ற பேரறிஞரிடம் பயின்றார். 1853-ல் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அழுகிய பொருளில் உள்ள விஷம், காய்ச்சினாலும் போகாத தன்மையுடையது என்று 1856-ல் ஆராய்ந்து எழுதினார். இரண்டு கண்ணாலும் ஒன்றாகப் பார்ப்பது எப்படி என்பதிலும் அவர் பெயரில் ஒரு பரப்பு வழங்கி வருகிறது. டென்மார்க்குக்கும் ஜெர்மானியருக்கும் யுத்தம் மூண்டு கீல் கைமாறிய 1864-ல் கோப்பன்ஹேகன் வந்து சேர்ந்தார். அங்கே மனித உடலின் இயக்கத்தை ஆராயும் கூடம் ஒன்றை அமைத்து, மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1884-ல் அந்நகரில் கூடிய சர்வதேச வைத்திய மாநாட்டுக்கு அவரே தலைவர். மறு ஆண்டு, 1885 மே 2-ந் தேதி, காலமானார். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் வைத்தியப் பகுதிக் கட்டடத்துக்குப் பானூம் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அவர் காலத்தில் தடுப்பூசி இல்லை. மணல்வாரிக் கிருமியை 1954-ல் அமெரிக்காவில் எண்டர்ஸ், பீபிள்ஸ் என்னும் இருவர் பிரித்தெடுத்தார்கள். 1963-ல் ஊசி வந்தது. அப்படியிருக்க இனி என்ன பயம் என்று நம்மில் பலர் கேட்கிறார்கள், நாமும் அப்படித்தான் இருந்தோம். பிறந்தவுடனே இந்த ஊசியைப் போட முடியாது. தாய் கொடுத்த சக்தி பிள்ளையின் இரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் எதிரியென்று நினைத்து அழித்துவிடும், ஊசி பிடிக்காது. அதனால் மலேசியாவில் ஒன்பதாம் மாதம், சிங்கப்பூரில் பன்னிரண்டாம் மாதம் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் தாயின் சக்தி அதற்கு முன்பே கரைந்துவிடுகிறது. சிறு வயதில் ஊசி மட்டும் போட்டுக்கொண்ட தாய், நோயே கண்ட அந்தக் காலத்துத் தாயைவிடக் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறாள். பழைய சரக்கு தீர்ந்து புதுச் சரக்கு வந்து சேராத இடைக்காலம் கடைக்காரர்களுக்குத் தெரியும். அந்த இடைக்காலத்தில்தான் நம் பேரப்பிள்ளை இருந்தது.

அந்த மாதங்களில் பிள்ளைக்குச் சுற்றியிருப்பவர்களே மதில். வாப்பா, நன்னா, சாச்சா, கடைப் பையன்கள், சமையல் செய்யும் அம்மா, பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் இரண்டு ஊசியும் போட்டவர்களாகவோ நோய் கண்டு தேறியவர்களாகவோ இருந்தால், கிருமிக்குப் பிள்ளையிடம் வரப் பாதை இல்லை. மணல்வாரி நோயாளி ஒருவர் காவலில்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்ற வைப்பார் என்று சொல்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஊசி போட்டிருந்தால்தான் ஊர் தாங்கும். கலியாணமான பெண்கள் பிள்ளை உண்டாவதற்கு முன்பே தங்களுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உண்டான பிறகு இந்த ஊசி போடக்கூடாது. பெற்ற பிறகு, பால் கொடுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம்.

நம்மவர்கள் பிள்ளை பெற்று நாற்பது கழிந்ததும் ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவது உண்டு. மணல்வாரி நடமாடும் ஊருக்குத்தான் போக வேண்டுமென்றால், ஆறு மாதம் நிரம்பிய பிள்ளைக்கு முன்கூட்டியே ஓர் ஊசி போடலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். அந்த ஊசி வரவில் சேராது. பிறகு போட வேண்டிய இரண்டும் பாக்கியாகவே நிற்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையானால் பிரயாணத்தையே தள்ளிப்போடுவது நல்லது என்பது நம் அபிப்பிராயம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும்.

நமக்கு இன்றுவரை உறுத்துவது வேறொன்று. நோயாளியின் அருகில் இருந்துவிட்ட சிசுவுக்கு, ஆறு நாட்களுக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், பிறருடைய இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தியை ஊசியாகப் போடுகிறார்கள். நோய் வராமலே தடுக்கலாம், வந்தாலும் கடுமை குறையும். தம்பி மகனுக்கு உடம்பு சிவந்தது மூன்றாம் நாள். நம் கையில் மேலும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நாம் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் இதைச் சொன்னபோது மகள் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி மகன் இப்போது ஈப்போவில் வேலையாக இருக்கிறார். சென்ற மாதம் நம் ராத்தாவின் பேத்திக்குப் பெயர் வைக்கும் விருந்து. வரப் புறப்பட்டவர் முதல் நாளே போன் செய்து, இரண்டு நாளாகச் சளியும் காய்ச்சலுமாக இருக்கிறது, ஊசி இரண்டும் போட்டுக்கொண்டாயிற்று, ஆனாலும் வரலாமா என்று கேட்டார். ராத்தா போனை வாங்கி, பிரியாணியைப் பாத்திரத்தில் கட்டி அனுப்புவதாகவும், உடம்பு தேறி பதினைந்து நாள் கழித்து வந்து பிள்ளையைப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டார்.